ஏ1 வகுப்பும் எங்கள் பெண்களின் காசும்

வடக்கில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் ஒரு மொழி வகுப்பின் விளம்பரம் கண்ணில் படுகிறது. மின்கம்பத்தில், பஸ் தரிப்பிடச் சுவரில், தையல் கடை வாசலில் என்று எங்கும் ஒட்டியிருக்கிறார்கள். “மூன்று மாதத்தில் ஜேர்மன்”, “சித்தி நிச்சயம்”, “விசா கிடைக்கும் வரை எங்கள் பொறுப்பு” என்றெல்லாம் எழுதியிருக்கும். தொலைபேசி இலக்கம் பெரிதாக இருக்கும். முகவரி சிறிதாக இருக்கும், சிலவேளை இருக்காது. படிப்பிப்பவர் யார், என்ன படித்தவர் என்பதை அநேகமான விளம்பரங்களில் நான் கண்டதில்லை.

இந்த வகுப்புகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜேர்மனியில் இருக்கும் கணவரிடம் போகக் காத்திருப்பவர்கள். எழுத்துப் பதிவு முடிந்து, தாலி கட்டி, இரண்டு கிழமை சேர்ந்திருந்துவிட்டு, விமான நிலையத்தில் கையசைத்து விட்டு வந்தவர்கள். சிலர் போரில் முதற் கணவரை இழந்து, பிள்ளையையும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தவர்கள். அவர்களுக்கு இந்த வகுப்பு வெறும் படிப்பு அல்ல. வாழ்க்கையின் அடுத்த பக்கம் அதற்குப் பின்னால்தான் திறக்கும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் வியாபாரம் நடக்கிறது.

எங்கள் பெண்கள் நிலையத்துக்கு வருகிறவர்கள் பலவிதமான கடதாசிகளோடு வருவார்கள். நுண்கடன் புத்தகம், காணி உறுதி, காணாமல் போனவர் பற்றிய விண்ணப்பத்தின் பிரதி, வங்கிக் கடிதம். கடந்த சில வருடங்களாக இவற்றுக்கிடையே வகுப்புப் பற்றுச்சீட்டுகளும் வரத் தொடங்கின. பற்றுச்சீட்டு என்று நான் சொல்வது மரியாதைக்குத்தான். அநேகமானவை அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் ஒரு தொகையும் ஒரு கையெழுத்தும்தான். ஒன்றில் திகதியே இல்லை.

அவர்களில் ஒருவரைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். கிளிநொச்சி மாவட்டத்துப் பெண், வயது இருபத்தொன்பது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, தகப்பனை இழந்து, முகாமில் இருந்து வந்து, சாதாரண தரப் பரீட்சையை இரண்டாம் தடவையில் எடுத்தவர். கணவர் ஜேர்மனியின் மேற்குப் பக்கத்து நகரம் ஒன்றில் உணவகத்தில் வேலை செய்கிறார். வகுப்புக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவை ஒரே தடவையில் கட்டச் சொன்னார்களாம். தாயின் சங்கிலி அடகுக்குப் போனது. “சோதினைக் காசும் இதுக்குள்ள வரும்” என்றார்களாம். முதல் மாதம் ஒரு ஆசிரியை வந்தார். இரண்டாம் மாதம் வேறொருவர் வந்து மறுபடியும் முதலாம் பாடத்திலிருந்து தொடங்கினார். அதன் பிறகு கிழமையில் ஒரு நாள் தொலைபேசியில் ஒலிப்பதிவு வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கேட்கப் போனபோது, “நீங்க சேர்ந்தபடியா உங்கட இடத்துக்கு வேற ஆளை எடுக்கேல்ல, காசு திருப்பித் தரேலாது” என்று பதில் வந்தது. கடவுச்சீட்டும் அவர்களிடமே இருந்தது, “பதிவு செய்யத் தேவை” என்று வாங்கி வைத்திருந்தார்கள்.

“மிஸ், நான் ஏதும் பிழையா கதைச்சா அவை என்ர விசாவைக் கெடுத்துப் போடுவினமோ?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது நுகர்வோர், வாடிக்கையாளர் என்ற சொற்களை எளிதாக எழுதிவிட்டு வந்தோம். நடைமுறையில் எங்கள் பெண்கள் தங்களை வாடிக்கையாளராக நினைப்பதே இல்லை. மனுக் கொடுக்க வந்தவர்களாகவே நினைக்கிறார்கள். பாஸ் எடுக்க வரிசையில் நின்றதும், நிவாரண அட்டைக்கு நின்றதும், முகாம் வாசலில் பெயர் கூப்பிடும் வரை நின்றதும் உடம்பிலே ஊறிவிட்டன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் எங்கள் தலைவிதி இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. காசு கொடுத்தவள் தானே, கணக்குக் கேட்க வேண்டியவளும் தானே என்பது மறந்துபோகிறது. வகுப்பு நடத்துபவர்களில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், நானே சிலரை அறிவேன். ஆனால் நேர்மையில்லாதவர்கள் எங்கள் பெண்களின் இந்தப் பழக்கத்தை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன முதல் விடயம், வகுப்பு நடத்துபவருக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான். விசாவைத் தீர்மானிப்பது ஜேர்மன் தூதரகம். அது கணவர் வசிக்கும் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தின் கருத்தையும் கேட்கும். இடையில் உள்ள எந்த வகுப்பாலும் விசா எடுத்துத் தரவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. ஆகவே “விசா உத்தரவாதம்” என்று எழுதியிருப்பதைக் கண்டால், அந்த ஒரு வரியே அது பொய் என்பதற்குச் சாட்சி.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2007 ஓகஸ்ட் 28இல் இருந்து, ஜேர்மனிக்கு வாழ்க்கைத் துணையாகப் போகிறவர் அங்கு போவதற்கு முன்னரே எளிய ஜேர்மன் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று வதிவிடச் சட்டத்தில் சேர்த்தார்கள். கட்டாயத் திருமணங்களைத் தடுக்கவும், வருகிறவர்கள் அந்தச் சமூகத்தில் சேர்ந்து வாழ உதவவும் என்று காரணம் சொன்னார்கள். அது பெண்ணுக்குப் பாதுகாப்பா, பாரமா என்பது பற்றி அங்கேயே நீண்ட வாதம் நடந்தது. 2010இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் இந்த நிபந்தனை செல்லும் என்றது. 2012இல் அதே நீதிமன்றம், ஜேர்மன் பிரஜையின் துணைவர் ஒரு வருடம் முயன்றும் முடியாமற் போனால், அல்லது அந்த முயற்சியே நியாயமாக எதிர்பார்க்க முடியாததாக இருந்தால், அவரைத் தடுத்து வைக்கக் கூடாது என்று சொன்னது. 2015இல் இருந்து அப்படியான விசேட சூழ்நிலைகளுக்கான விலக்கு சட்டத்திலேயே எழுதப்பட்டது.

வேறு விலக்குகளும் உண்டு. உடல் அல்லது மன நோயால், அங்கவீனத்தால் மொழியைக் கற்றுக் காட்ட முடியாதவருக்கு விலக்கு உண்டு. கணவர் அங்கு அகதியாக ஏற்கப்பட்டவராக இருந்து, அவர் புறப்படுவதற்கு முன்னரே திருமணம் நடந்திருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. நீல அட்டை என்ற உயர்தொழில் அனுமதி உள்ளவரின் துணைவருக்கும் உண்டு. ஷெல் வெடித்த சத்தத்தில் ஒரு காதின் கேட்கும் சக்தியை முற்றாகவும் மற்றதில் பாதியையும் இழந்த ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். கேட்டல் பகுதியில் இரண்டு தடவை குறைந்த புள்ளி. வகுப்புக்காரர் ஒவ்வொரு தடவையும் “இன்னொரு கோர்ஸ் எடுங்கோ” என்றே சொல்லியிருக்கிறார். வைத்திய அறிக்கையோடு தூதரகத்துக்கு எழுதலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் விலக்குக் கேட்டால் வகுப்புக்கு அடுத்த கட்டணம் வராது அல்லவா?

இனிப் பரீட்சையைப் பற்றிச் சொல்கிறேன். காசு போவது பெரும்பாலும் இதைப் பற்றிய அறியாமையால்தான். ஏ1 என்பது ஆறு படிகளில் முதற் படி. கேட்டல் 20 நிமிடம், வாசித்தல் 25 நிமிடம், எழுதுதல் 20 நிமிடம், பேசுதல் சுமார் 15 நிமிடம். மொத்தம் 100 புள்ளியில் 60 எடுத்தால் சித்தி. எழுதும்போது ஒரு படிவத்தில் ஐந்து இடங்களை நிரப்ப வேண்டும், பிறகு முப்பது சொற்கள் அளவில் ஒரு சிறு கடிதம். பேசும்போது நாலு பேர் வரை ஒன்றாக இருப்பார்கள். பெயர், வயது, நாடு, ஊர், பேசும் மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். பிறகு ஒரு அட்டையில் உள்ள சொல்லை வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்னொரு அட்டையில் உள்ள படத்தை வைத்து ஒரு உதவி கேட்க வேண்டும். “தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்” என்பது போல.

இதற்குத் தேவையான சொற்கள் சுமார் 650. அந்தச் சொற்பட்டியலையும் மாதிரி வினாத்தாள்களையும் கேட்டல் ஒலிப்பதிவுகளையும் கோத்தே நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பல வகுப்புகளில் “எங்கள் விசேட கைநூல்” என்று விற்கப்படுவது அந்தச் சொற்பட்டியலின் போட்டோக் கொப்பிதான். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிழைகள் மட்டும் புதியவை.

அதைவிட முக்கியமான விடயம் ஒன்று. பரீட்சை எழுதுவதற்கு எந்த வகுப்புக்கும் போயிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொழும்பில் உள்ள கோத்தே நிறுவனத்தில் வெளிவாரியாகப் பதிந்து எழுதலாம். தோற்றால் திரும்பவும் எழுதலாம். தூதரகம் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட பரீட்சை ஒன்றின் சான்றிதழ். கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்றவையே அவை. வகுப்பு முடிவில் சட்டம் போட்டுத் தரும் தங்க எழுத்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், விசாவுக்கு அது உதவாது. வகுப்பு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்நிய மொழியைத் தனியாகப் படிப்பது எல்லோராலும் முடியாது, நல்ல ஆசிரியர் இருந்தால் பாதி வழி குறையும். ஆனால் வாங்குவது என்னவென்று தெரிந்து வாங்க வேண்டும். வாங்குவது படிப்பு, அனுமதி அல்ல.

ஜேர்மனிக்குள் போன பிறகு நடப்பதைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அங்கு 2005இல் இருந்து குடியேறியவர்களுக்கு ஒருங்கிணைப்பு வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. பொதுவாக 600 பாட வேளைகள் மொழிக்கும், 100 பாட வேளைகள் அந்நாட்டுச் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை பற்றி அறியவும். அதை நினைத்தவர் நினைத்தபடி நடத்த முடியாது. குடிவரவுக்கும் அகதிகளுக்குமான மத்திய அலுவலகம் நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டும், ஆசிரியருக்கும் தகுதி இருக்க வேண்டும், வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதன் இறுதிச் சோதனையில் 33 கேள்விகள் வரும். அவை வருவது 310 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து. அந்தப் பட்டியல் முழுவதும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஒளித்து வைத்து விற்பதற்கு எதுவும் இல்லை.

தூரத்திலிருந்து படிக்கும் வகுப்புகளுக்கும் அங்கு தனிச் சட்டம் உண்டு. 1977இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அப்படியான வகுப்புக்கு அரச அனுமதி தேவை, அனுமதி இல்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது. 2025 ஜூன் 12இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்று, இணையவழியில் நடத்தப்பட்ட ஒரு தொழில் பயிற்சி ஒப்பந்தத்தை இந்தச் சட்டத்தின் கீழ் செல்லாது என்று தீர்த்து, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. கணவர் அங்கிருந்தபடியே ஜேர்மன் நிறுவனம் ஒன்றின் இணைய வகுப்பில் மனைவியைச் சேர்க்கும் வழக்கம் இப்போது இருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் இந்த அனுமதி இலக்கத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பணக்கார நாடுகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் 2013இல் இருந்து, குடியேறியவர் தானே பள்ளியைத் தேடி, தானே காசு கட்டி, தானே சித்தியடைய வேண்டும் என்று விட்டார்கள். அரசு 10,000 யூரோ வரை கடன் கொடுத்தது. உடனே பள்ளிகள் முளைத்தன. தர முத்திரை ஒன்று இருந்தும், சில பள்ளிகள் நடக்காத மணித்தியாலங்களுக்குக் கணக்கு எழுதி, மொழி தெரியாதவர்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டன. 2017இல் அந்நாட்டுக் கணக்காய்வு மன்றம் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தது. 2022 ஜனவரி 1இல் புதிய சட்டம் வந்து, பொறுப்பு நகரசபைகளிடம் போனது. வெறுந்தாளில் கையெழுத்து வாங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல என்று தெரிந்தபோது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

எங்கள் நாட்டில் இப்படியான வகுப்புகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று கிடையாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் பலர். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்தப் பணியகம் பார்ப்பது வேலைக்குப் போகிறவர்களை. கணவரிடம் போகிற பெண் அவர்களின் கணக்கில் வரமாட்டாள். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவருக்கு ஒரு அலுவலகமாவது உண்டு, மனைவியாகப் போகிறவருக்கு அதுவும் இல்லை.

ஆனால் பொதுவான சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கடைப் பொருளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சேவைகளும் அதற்குள் வரும். அதன் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் மக்களைத் தவறாக வழிநடத்தும் விதமாக நடக்கக் கூடாது என்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தில்தான் எங்கள் பெண்கள் பலர் இடறுகிறார்கள். “பொறுத்துப் பார்ப்பம், அடுத்த மாசம் ரீச்சர் வருவா எண்டு சொல்லினம்” என்று இருந்துவிடுகிறார்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகங்களிலும் அதன் அலுவலர்கள் இருக்கிறார்கள்.

மற்ற வழி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அங்கு சட்டத்தரணி வைத்து வாதாட முடியாது, அது எங்களைப் போன்றவர்களுக்கு நன்மை. இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு பத்திரம் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

நாங்கள் மத்தியஸ்த சபைக்கே போனோம். அதற்கு முன் ஒரு நாள் முழுவதும் கடதாசி சேர்ப்பதிலேயே போனது. தொலைபேசியில் வந்த விளம்பரத்தின் படம், காசு கட்டிய திகதியைக் காட்டும் அடகுச் சீட்டு, வகுப்பு நடந்த நாட்களின் கணக்கு. கணக்கை அந்தப் பெண்ணின் கொப்பியில் இருந்தே எடுத்தோம். நல்ல பிள்ளை, ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே திகதி போட்டிருந்தார். 48 வகுப்புகள் என்று சொல்லிக் காசு வாங்கியவர்கள் நடத்தியது 17. கடவுச்சீட்டு விடயத்தில் நான் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. “நாளைக்கு வந்து எடுக்கிறம், இல்லாட்டிப் பொலிசுக்குப் போறம்” என்று தொலைபேசியில் சொன்னோம். அடுத்த நாள் காலையில் மேசையில் இருந்தது.

சபையில் அந்த மனிதர் நன்றாகத்தான் பேசினார். “தங்கச்சிக்கு நல்லது செய்யத்தானே பார்த்தனான்” என்றார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மத்தியஸ்தராக இருந்தார். அவர் வேறு எதுவும் பேசாமல் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு திகதியாக விரல் வைத்து எண்ணினார். பதினேழில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “மிச்சம் எங்க தம்பி?” என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு தொகையைப் பற்றித்தான் நடந்தது. எண்பதாயிரம் ரூபாவை நாலு தவணையில் கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் சபைக்கு வந்தபோது பின் வாங்கில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தவணைத் திகதி எழுதும்போது மட்டும் எழுந்து முன்னுக்கு வந்து, “பதினைஞ்சாம் திகதி எண்டு போடுங்கோ ஐயா, அண்டைக்குத்தான் அடகு வட்டி கட்டிறது” என்றார்.

இந்த விடயத்துக்குப் பிறகு வேறு பெண்கள் சேர முன்னரே எங்களிடம் கேட்க வருகிறார்கள். நாங்கள் அவர்களிடம் கேட்கச் சொல்வது பெரிய விடயங்கள் அல்ல. படிப்பிப்பவர் யார், அவரே எந்தப் படி வரை சித்தியடைந்தவர் என்று கேளுங்கள். முழுக் காசையும் ஒரே தடவையில் கட்டாமல் மாதம் மாதம் கட்டலாமா என்று கேளுங்கள். எத்தனை வகுப்பு, நடக்காவிட்டால் என்ன என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் இருந்து பார்த்துவிட்டுச் சேர விடுவார்களா என்றும் கேளுங்கள். பரீட்சைக் கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள், இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டாம். அப்படிக் கேட்டபோது முகம் சுளித்த ஒருவரிடம் ஒரு பெண் சேராமல் வந்துவிட்டார். மாமியார் ஏசினாராம், “எல்லாரும் போற இடத்துக்கு நீ ஏன் போகேல்ல” என்று. அந்த மாமியாரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் நிலையத்தின் பின் அறையில் ஐந்து பேர் கூடிப் படிக்கிறார்கள். பழைய கலண்டர் மட்டையை வெட்டி அட்டைகள் செய்து, பாண், பால், பஸ், வீடு என்று படம் வரைந்து வைத்து ஒருவரிடம் ஒருவர் கேட்கிறார்கள். பி1 வரை சித்தியடைந்த ஒரு தங்கச்சி வந்து உச்சரிப்பைத் திருத்துகிறார். வழக்குக்குப் போன பெண்ணும் அவர்களில் ஒருவர். இதுவரை மூன்று தவணை வந்துவிட்டது. நாலாவது பதினைந்தாம் திகதி வர வேண்டும். பரீட்சைக் கட்டணத்தைப் போன கிழமை அவரே கட்டிவிட்டு, அச்சடித்த பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அதில் திகதி இருந்தது, இலக்கம் இருந்தது, அவருடைய முழுப் பெயரும் இருந்தது.